வேலை முடிந்த சத்தம்

“அக்கா புருஷனை எதுக்குடா அடிச்சுக் கொன்னே? சொல்லு” என்று கேட்ட ஏட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அறைந்தார். பஸ் கண்டக்டரின் தலை லாக்கப் சுவரில் மோதித் திரும்பியது. திரும்பிய முகத்தில் ஒரு கண் மூடிக் கிடந்தது. இன்னொரு கண்ணுக்கும் அதிக நேரம் இல்லை என்று கம்பிக்கு வெளியே நின்ற சுருட்டைக்குத் தோன்றியது.

“அடிக்கலைங்க ஐயா. நேத்து மத்தியானம் அவரைச் சாப்பிடக் கூப்பிடப் போனேன். பேச்சு தடிச்சுப் போச்சு. அவர்தான் என் மூக்குல குத்தினார். மூக்கைப் பிடிச்சுக்கிட்டு வெளியே வந்துட்டேன், அவ்வளவுதான்.”

“நீ ரத்தக் கையோட ஓடினதைப் பார்த்த சாட்சி இருக்குடா!”

“அது என் ரத்தமுங்க.”

“ரத்தத்துல பேரா எழுதியிருக்கு?” என்று ஏட்டு மறுபடி கையை ஓங்கினார்.

சுருட்டைக்கு வாய் சும்மா இருக்காது. “அந்தக் கன்னத்துல இனி இடமில்லை ஏட்டையா. வீக்கம் கொஞ்சம் வடியட்டும், அப்புறம் புதுசா ஆரம்பிக்கலாம்” என்றான். ஏட்டு பார்த்த பார்வையில் அவனுடைய சுருட்டை முடியே நிமிர்ந்துவிடும் போலிருந்தது. அவன் நைசாக அண்ணியின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டான்.

அண்ணி என்றால் அவனுடைய சொந்த அண்ணன் மனைவி. தனியார் துப்பறிவாளர். காணாமல் போன கணவர்களைத் தேடித் தருவதில் தொடங்கியவர், இப்போது கொலை வரைக்கும் வந்துவிட்டார். சுருட்டை எங்கே போனாலும் “அண்ணி, அண்ணி” என்று கூவிக்கொண்டே பின்னால் ஓடியதில், இன்ஸ்பெக்டர் முதல் இஸ்திரிக்காரர் வரை ஊரே அவரை அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. அண்ணனுக்கு இதில் ஏக வருத்தம்.

“சாயங்காலம் இவனைக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம் அண்ணி” என்றார் இன்ஸ்பெக்டர். “அதுக்குள்ள ஒத்துக்குவான். ஒத்துக்கலைன்னா ஏட்டு ஒத்துக்க வைப்பார்.”

“அது வரைக்கும் நான் கொலை நடந்த கடையைப் பார்க்கலாமா? அங்கே நிக்குற காரையும்?”

“தாராளமா. ஆனா இவனைக் கோர்ட்டுல ஒப்படைச்சதுக்கு அப்புறம் எதையாவது கண்டுபிடிச்சீங்கன்னா என்கிட்ட சொல்லாதீங்க. மனசு சங்கடமாயிடும்.”

வெளியே வந்து வண்டியைக் கிளப்பும்போதும் அந்த அறைகளின் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. சுருட்டை வழியெல்லாம் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை.

கடை ஒரு முட்டுச் சந்தில் இருந்தது. முதலில் கார் எலக்ட்ரீஷியனின் ஷெட். அதை ஒட்டி டிங்கரின் ஷெட், நசுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்துகிற இடம். எதிரே டயர் கடை, லேத் பட்டறை. தகரத்தில் சுத்தியல் விழும் ஓசையும் இரும்பு அறுபடும் ஓசையும் ஓயவே ஓயாது. இந்தச் சந்தில் காது கேட்காதவர்தான் நிம்மதியாக வாழ முடியும்.

எலக்ட்ரீஷியனின் ஷெட் நடுவே ஒரு பல் டாக்டரின் வெள்ளைக் கார் நின்றது. அதன் டிரைவர் பக்கக் கதவருகேதான் எலக்ட்ரீஷியன் மண்டை பிளந்து கிடந்தார். வீல் ஸ்பேனரால் அடித்திருந்தார்கள். ஒரே அடியில் போயிருக்க வேண்டிய உயிர், ஆனால் அடித்தவன் நிறுத்தவில்லை. தரையில் மணலைக் கொட்டி ரத்தத்தை மூடியிருந்தார்கள். மணலையும் மீறிக் கறை மேலே வந்திருந்தது.

ஷெட்டின் பின்கதவைத் திறந்தால் எலக்ட்ரீஷியனின் வீடு. அங்கிருந்து வந்து நின்ற அவர் மனைவியின் கண்கள் வறண்டிருந்தன.

“புருஷன் போயிட்டார்க்கா” என்றாள் அண்ணியிடம். “கட்டினவரும் கூடப் பிறந்தவனும் எலியும் பூனையுமாத்தான் இருந்தாங்க. இல்லைன்னு சொல்லலை. ஆனா என் தம்பி கொல்ற ஆள் கிடையாது. பஸ்ல டிக்கெட் எடுக்காதவனையே கெஞ்சி இறக்கி விடுறவன். அவனையும் பறிகொடுத்துட்டா இந்த உலகத்துல எனக்குன்னு யாருக்கா இருக்கா?”

“அவனைக் கொண்டு வரத்தான் வந்திருக்கேன்” என்றார் அண்ணி. “நேத்து மத்தியானம் கார் அலாரம் கத்துச்சாமே?”

“கத்துச்சு. நான் உடனே அவருக்குத் தட்டைக் கழுவி வச்சேன்.”

“அலாரம் கத்தினா தட்டை எதுக்குக் கழுவணும்?” என்றான் சுருட்டை.

“அதுதான் அவர் வேலை முடிஞ்ச சத்தம்” என்றாள் அவள். “இந்தக் கார் வந்த அன்னிக்குத் தொட்டாலும் கத்தும், தொடாட்டியும் கத்தும். கதவு தானா பூட்டிக்கும். தெருவே சண்டைக்கு வந்துச்சு. இந்த மாதிரிக் கார் வந்தா அவர் முதல்ல சைரனைக் கழட்டிட்டு, அந்த வயர்ல ஒரு சின்ன பல்பை மாட்டிடுவார். கத்துறதுக்குப் பதிலா பல்பு எரியும். பழுது முழுசாச் சரியானாத்தான் சைரனைத் திரும்ப மாட்டுவார். மாட்டினதும் ஒவ்வொரு கதவாத் திறந்து கத்த விட்டுப் பார்ப்பார். தெருவுக்கு அது பழகிப் போச்சு, யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. நான் மட்டும் சாப்பாடு எடுத்து வைப்பேன்.” சொல்லிக்கொண்டே வந்தவள் தரையிலிருந்த மணலைப் பார்த்தாள். “நேத்தும் எடுத்து வச்சேன்க்கா. ஆறிப் போச்சேன்னு கூப்பிட வந்தேன். வந்து பார்த்தா...”

அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சுருட்டையைப் பார்த்தார்.

“போலீஸ் சொல்ற கதை என்ன? எலக்ட்ரீஷியன் பழுது பார்த்துக்கிட்டு இருந்தார், மச்சினன் அடிச்சான், அவர் கார் மேல விழுந்தார், கார் கத்துச்சு, மச்சினன் ஓடினான். வேலை பாதியில நின்னிருந்தா சைரனுக்குப் பதிலா பல்புதான் இருந்திருக்கணும். கத்தியிருக்கவே முடியாது. கத்துச்சுன்னா வேலை முடிஞ்சிருக்கணும். காரைப் பாரு.”

சுருட்டை முன்பு கார்களுக்கு அலாரம் மாட்டும் கடையில் இருந்தவன். முதலாளியின் காரை, சாவியை உள்ளே வைத்துப் பூட்டி, முதலாளியையும் உள்ளேயே வைத்துப் பூட்டியதால் வேலையை விட்டு அனுப்பப்பட்டவன். எனவே அனுபவசாலி.

பானெட்டைத் தூக்கினான். சைரன் அதன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. பேட்டரியில் மீட்டரை வைத்தான். நல்ல பலம். பியூஸ் சரி. பானெட்டுக்கு அடியில் இருக்கும் சின்ன ஸ்விட்ச் துருப்பிடித்தால் அலாரம் அர்த்தமில்லாமல் அலறும், அதுவும் சுத்தமாக இருந்தது. ரிமோட்டை அழுத்தினான். நான்கு கதவுகளும் ஒரே நேரத்தில் டப்பென்று பூட்டின. திறந்தான், பூட்டினான், கதவுகளைக் குலுக்கினான், பானெட்டில் குத்துவிட்டான். கத்த வேண்டிய நேரத்தில் கத்தி, மற்ற நேரத்தில் பெட்டிப் பாம்பாக இருந்தது.

“நம்ம குடும்பத்துல அண்ணனுக்கும் உங்களுக்கும் நடுவுல இருக்கிற பழுதுல நூத்துல ஒண்ணுகூட இந்தக் காருல இல்லை அண்ணி” என்றான்.

“அந்தப் பழுதுக்கு யார் காரணம்னு வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம். முன்னாடி எங்கே பழுது இருந்திருக்கும்?”

“இப்படித் தானா பூட்டித் தானா கத்துச்சுன்னா பெரும்பாலும் டிரைவர் கதவுலதான். கதவுக்கும் பாடிக்கும் நடுவுல ஒரு ரப்பர் குழாய்க்குள்ள வயர் போகும். கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி உள்ளே அறுந்துடும். இல்லைன்னா பேனலுக்கு உள்ளே ஏதாவது உரசும்.”

அவன் கதவின் உள்பக்க பேனலில் கை வைத்தபோது வாசலில் நிழல் விழுந்தது. பக்கத்து ஷெட் டிங்கர். அகலமான தோள், கையில் சுத்தியல், காது மடலில் தகரப் பள்ளங்களை நிரப்பும் சாம்பல் நிறப் பட்டிப் பசை.

“தங்கச்சி, ஏதாவது சாப்பிட்டியாம்மா?” என்று எலக்ட்ரீஷியனின் மனைவியைக் கேட்டுவிட்டு, ஒரு பழைய டயரில் உட்கார்ந்தார். அவள் “வேணாம்ணே” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். “நேத்திலிருந்து தங்கச்சிக்குப் பச்சைத் தண்ணி பல்லுல படலை” என்றார் அண்ணியிடம். “அந்தப் பாவியைப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான். அலாரம் கத்துச்சு, என் ஷெட் வாசல்ல நின்னு எட்டிப் பார்த்தேன். மச்சினன்காரன் ரத்தக் கையோட ஓடுறான். நான் இந்தக் கடைக்குள்ள காலே வைக்கலைங்க. போலீஸ் வர்ற வரைக்கும் எதையும் தொடக் கூடாது பாருங்க.”

“நல்ல காரியம்” என்றார் அண்ணி. “இந்தக் காரைத் தெரியுமா உங்களுக்கு?”

“தெரியாம? இந்தக் கதவு அப்பளமா நொறுங்கி வந்துச்சு. நான்தான் நிமிர்த்தினேன். எங்கே அடிபட்டதுன்னு கண்டுபிடிங்க பார்ப்போம்!”

உண்மையிலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் முகத்தில் பெருமை பொங்கியது.

சுருட்டை பேனலை இழுத்துக் கழற்றினான். பின்னால் கறுப்பு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. அதை ஓரமாக உரித்தான். உள்ளே எலக்ட்ரீஷியனின் வேலை தெரிந்தது. அறுந்த வயரை ஒட்டி, டேப் சுற்றி, உரசாத இடமாகப் பார்த்துக் கட்டியிருந்தார். அதற்குக் கீழே தகரத்தில் எங்கும் தூசி, ஓர் இடத்தில் மட்டும் தூசி இல்லை. ஏதோ ஒரு பொட்டலம் வெகு நாளாக உட்கார்ந்திருந்து, வயரை அழுத்தித் தேய்த்து, பிறகு எழுந்து போன இடம்.

உரித்த தாளைத் திருப்பினான். தகரத்தைப் பார்த்து ஒட்டியிருந்த பக்கத்தில் நான்கு விரல்கள் இழுத்துப் பூசிய தடம். காய்ந்த ரத்தம்.

அவன் வாயைத் திறந்தான். அண்ணியின் செருப்புக் குதிகால் அவன் கட்டைவிரலை நசுக்கியது. வாய் தானாக மூடிக்கொண்டது.

“ஒண்ணும் இல்லையே. தாளை ஒட்டி, பேனலை மாட்டிடு” என்றார் அண்ணி சாதாரணமாக.

ரத்தம் சிந்திய பிறகுதான் இந்தத் தாள் ஒட்டப்பட்டிருக்கிறது, பேனல் மூடப்பட்டிருக்கிறது. செத்தவர் எழுந்து வந்து மாட்டியிருக்க மாட்டார். சுருட்டைக்கு அவ்வளவு புரிந்தது. அதற்கு மேல் புரியாமல் தாளை ஒட்டினான். பேனலைப் பொருத்தி ஓங்கி ஒரு தட்டு தட்டினான். படக்கென்று, பேனலைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப் ஒன்று உடைந்தது. இன்னொரு தட்டு. இன்னொரு படக்.

“அடப்பாவி, தள்ளுப்பா!” டிங்கருக்குப் பொறுக்கவில்லை. தான் நிமிர்த்திய கதவைக் கண் முன்னால் ஒருவன் நாசம் செய்வதைப் பார்த்துக்கொண்டு இருக்க அவரால் முடியவில்லை. சுத்தியலை பானெட் மேல் வைத்துவிட்டு வந்து பேனலைப் பிடுங்கினார். விளிம்பில் ஒரு ஓட்டையில் மட்டும் கிளிப்பே இல்லாமல் இருப்பதைப் பார்த்தார். பேன்ட் பாக்கெட்டில் கைவிட்டு ஒரு பச்சை கிளிப்பை எடுத்து அதில் செருகினார். மேலே கொக்கியில் மாட்டி, கீழே உள்ளங்கையால் இரண்டே தட்டு. பேனல் தொழிற்சாலையில் மாட்டியது போல் உட்கார்ந்தது.

“இப்படி மாட்டணும்” என்றார்.

“ரொம்ப அழகு” என்றார் அண்ணி. “இந்தச் சந்துல கிளிப்பை உடைக்காம கதவு பேனலைக் கழட்டி மாட்டத் தெரிஞ்சவங்க ரெண்டே பேர்தான் போலிருக்கு. ஒருத்தரை நேத்து கொன்னுட்டாங்க.”

டிங்கரின் கை பேனல் மேலேயே நின்றது.

“கண்டக்டர் டிக்கெட் கிழிப்பான். பேனல் மாட்ட மாட்டான்” என்று அண்ணி தொடர்ந்தார். “தாளுக்கு உள்பக்கம் ரத்தம் இருக்கு. கொலைக்கு அப்புறம் மூடின கதவு இது. மூடினவர் பழக்க தோஷத்துல கிளிப்பைக் கழட்டிப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டார். ஒண்ணை மாட்ட மறந்துட்டார். இந்தக் காரோட கிளிப் எல்லாமே பச்சை. கடைக்குள்ள காலே வைக்காதவர் பாக்கெட்டுல எப்படி வந்துச்சு அண்ணே?”

“கார் என்கிட்ட வந்தப்போ மிஞ்சினதா இருக்கும்.”

“இருக்கலாம்.”

“கிளிப் கோர்ட்டுல பேசாதும்மா” என்றார் டிங்கர். சொன்னதுதான் தாமதம், இரண்டே எட்டில் வாசலுக்குப் போய் ஷட்டரை இழுத்தார். ஷட்டர் தடதடவென்று இறங்கித் தரையைத் தொட்டது. ஷெட்டுக்குள் பாதி இருட்டு.

சுத்தியல் எப்போது அவர் கைக்குப் போனது என்று சுருட்டைக்குத் தெரியாது. தோளில் இறங்கியபோதுதான் தெரிந்தது. எலும்பு முறியும் சத்தம் தன் காதிலேயே கேட்டது. அலறிக்கொண்டு திறந்திருந்த கதவு வழியாக டிரைவர் சீட்டில் போய் விழுந்தான். இரண்டாவது அடி கண்ணாடியில் பட்டு, சில்லுகள் அவன் முகத்தில் மழையாகக் கொட்டின. நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

அண்ணி பெஞ்சில் கிடந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து டிங்கரின் விலாவில் குத்தினார். டிங்கர் உறுமிக்கொண்டு திரும்பினார். அண்ணியின் கொண்டையைப் பிடித்து பானெட்டில் மோதினார். ஒரு தரம். இன்னொரு தரம். வெள்ளை பானெட்டில் சிவப்பாகத் தெறித்தது. சுவரில் தொங்கிய வயர்ச் சுருளை உருவி அண்ணியின் கழுத்தில் சுற்றி இறுக்கினார்.

சுருட்டை நல்ல கையால் ரிமோட்டைத் துழாவி அழுத்தினான். கார் அலறியது. காது கிழிகிற அலறல்.

“கத்தட்டும்!” டிங்கர் மூச்சிரைக்கச் சிரித்தார். “இந்தத் தெருவுக்கு இது தாலாட்டு மாதிரி. நேத்தும் இப்படித்தான் கத்துச்சு. அவன் போட்ட கூச்சல் ஒருத்தன் காதுலயும் விழலை.”

உண்மைதான். வெளியே லேத் ஓடிக்கொண்டிருந்தது. டயர் கடையில் யாரோ சிரித்தார்கள். ஒருவரும் வரவில்லை. அண்ணியின் கால்கள் தரையை உதைத்தன, உதை மெல்ல மெல்லத் தளர்ந்தது. சுருட்டை போனில் இன்ஸ்பெக்டர் எண்ணை அழுத்தி சீட்டில் போட்டுவிட்டு, தவழ்ந்து போய் டிங்கரின் கெண்டைக்காலைக் கடித்தான். வேறு ஆயுதம் இல்லை. பதிலுக்கு விழுந்த உதையில் அவனுடைய இரண்டு பற்கள் கழன்றன.

அப்போது பின்கதவு திறந்தது.

தெரு முழுவதும் காதில் வாங்காத சத்தம் அவள் ஒருத்தியின் காதில் விழுந்திருந்தது. வேலை முடிந்த சத்தம் என்றால் கத்தி அடங்கும், இது அடங்கவே இல்லை. எலக்ட்ரீஷியனின் மனைவி கதவோரம் சாத்தியிருந்த ஜாக்கி ராடை எடுத்தாள். டிங்கரின் முதுகில் முழு பலத்தோடு இறக்கினாள். அவர் அண்ணியை விட்டுவிட்டுச் சரிந்தார். சுத்தியலைத் தேடிப் போன கையை மிதித்துக்கொண்டு இன்னொன்று வைத்தாள், தோளில். இன்னொன்று, விலாவில். அவர் மல்லாந்து விழுந்தார்.

“அண்ணேன்னுதானே கூப்பிட்டேன் உன்னை?” என்றாள். “என் கையால எத்தனை நாள் சாப்பிட்டிருப்பே? நேத்து ராத்திரி பாடைக்குத் தோள் கொடுக்கறேன்னு நீதானே சொன்னே?”

ராடு அவள் தலைக்கு மேலே உயர்ந்தது. நேர் கீழே டிங்கரின் மண்டை.

“வேணாம்!” அண்ணிக்குக் குரல் காற்றாகத்தான் வந்தது. கழுத்தில் வயர் பதிந்த கோட்டிலிருந்து ரத்தம் கசிந்தது. “கொன்னுட்டா உன் தம்பியை யாராலும் காப்பாத்த முடியாது. கிளிப் பேசாது. ரத்தம் பேசாது. இவன் வாய் வேணும்மா, இவன் வாய் வேணும்!”

அவள் அப்படியே நின்றாள். சுருட்டை ரிமோட்டை அழுத்த, அலறல் நின்றது.

“சரிக்கா” என்று தலையாட்டினாள். “வாய்தானே வேணும்?”

ராடு இறங்கியது, முட்டியில். டிங்கர் போட்ட சத்தத்தில் லேத் நின்றது. டயர் கடையில் சிரிப்பு நின்றது. அலாரத்துக்குத் திரும்பாத தெரு இதற்குத் திரும்பி, ஷட்டரைத் தட்ட ஆரம்பித்தது.

“வாயைத் தொடலைக்கா. பேசச் சொல்லுங்க.”

பேசினார். நிறுத்தத்தான் முடியவில்லை. நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னார். போலீஸ் தன் ஷெட்டைச் சோதனை போட வந்த அன்று, திருட்டு நகைப் பொட்டலத்தை, அப்போது தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்த டாக்டர் கார்க் கதவுக்குள் போட்டு பேனலை மூடியது. சோதனை முடிவதற்குள் டாக்டர் வந்து காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டது. அதே பொட்டலம் வயரைத் தேய்த்து, கார் கத்தத் தொடங்கி, பக்கத்துக் கடைக்கே வந்து சேர்ந்தது. எலக்ட்ரீஷியன் அதைக் கையில் வைத்துக்கொண்டு ‘இது யாருதுன்னு போலீஸ்ல கேட்கலாம்’ என்றது. மச்சினன் வெளியே போனதும், கதவைத் திறந்து வைத்து அலாரத்தை எலக்ட்ரீஷியன் சோதித்துக்கொண்டிருந்த அந்தச் சத்தத்திலேயே அவரை அடித்தது. பொட்டலத்திலிருந்து கதவுக்குள் சிதறிய வளையல்களுக்காக, பேனலைக் கழற்றி ரத்தக் கையோடு துழாவியது.

“கேட்டுச்சா சார்?” என்று சுருட்டை சீட்டில் கிடந்த போனிடம் கேட்டான். பல் போன வாயில் காற்றுதான் அதிகம் வந்தது. “திரும்பச் சொல்லணும்னா சொல்லுங்க, அக்கா இன்னும் ராடைக் கீழே வைக்கலை.”

“கேட்டுச்சு, கேட்டுச்சு!” என்றார் இன்ஸ்பெக்டர்.

எலக்ட்ரீஷியனின் மனைவி கை நீட்டிப் போனை வாங்கினாள்.

“ஐயா, என் தம்பி மேல இனி ஒரு அடி விழக் கூடாது. இவனுக்கு இன்னொரு முட்டி மிச்சம் இருக்கு.”

மறுமுனையில் இன்ஸ்பெக்டர் ஏட்டை அதட்டுவது கேட்டது. கதவுத் தாழ்ப்பாள் விலகும் ஓசை. எதையோ இழுக்கும் ஓசை. யாரோ பலமாக மூச்சு வாங்கினார்கள். பிறகு வீங்கிய உதடுகளுக்கு நடுவிலிருந்து ஒரு குரல் மெல்ல வந்தது.

“அக்கா?”

அவள் கையிலிருந்த ராடு தரையில் விழுந்தது.

“வீட்டுக்கு வாடா” என்றாள்.